இடது முன்சக்கரம்

காலை ஏழு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டவை நான்கு தேசிக்காய்கள். லொறியின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டிருந்தன. இடது முன்சக்கரத்துக்கு வைத்தது மட்டும் சரிவில் உருண்டு நடைபாதையோரம் போய் நின்றிருந்தது. மாமா அதை எடுத்து வந்து மறுபடியும் வைத்து, பழைய மெற்றோ ரயில் ரிக்கற் ஒன்றை மடித்து அதற்கு அண்டை கொடுத்தார்.

2011ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை. அந்த நாட்களில் ஆரம்பப் பாடசாலைகளுக்குப் புதன்கிழமை விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. ஆனால் என்னைக் கூட்டி வந்ததற்குக் காரணம் விடுமுறை அல்ல, மொழி. அப்பாவின் பிரெஞ்சு கடைகளுக்குப் போதும், அலுவலகங்களுக்குப் போதாது. அம்மாவின் தம்பியான மாமாவின் பிரெஞ்சோ, அவர் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையலறைக்கு வெளியே ஒருபோதும் சோதிக்கப்பட்டதில்லை.

நாங்கள் இருந்த லா சப்பல் பகுதியில் அப்போது எங்கள் தமிழ் ஆட்களிடம் ஐந்து லொறிகள் இருந்தன. ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள தெருவில் அவை வரிசையாக நிற்கும். ஐந்துமே வேறு யாரோ ஓட்டிக் களைத்தவை. ஒன்று முன்பு ரொட்டிக்கடைகளுக்கு மா ஏற்றியது. மழை நாட்களில் அதன் பெட்டிக்குள் புளித்த வாசனை எழும். இன்னொன்றின் பின்கதவு பூட்டாது. நீலக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மன்னார்க்காரர் ஒருவரின் நீல லொறியில், முன்கண்ணாடிக்கு உள்ளே மாதா சொரூபம் இருந்தது. அந்த லொறியை அவர் ஸ்டார்ட் செய்தால் எதிர் மாடியில் இரண்டு ஜன்னல்கள் மூடப்படும். எங்களுடையது வீடு மாற்றும் நிறுவனம் ஒன்றிடமிருந்து வந்தது. பக்கவாட்டில் இருந்த பழைய பெயரின் மேல் அப்பா இரண்டு முறை வெள்ளை அடித்திருந்தார். ஆனாலும் மாலை வெயில் சரிந்து விழும்போது எழுத்துகள் மேலே வந்துவிடும். ஒவ்வொரு லொறிக்காரரும் தன்னை ஒரு நிறுவனம் என்றே சொல்லிக்கொண்டார். எங்கள் நிறுவனத்தில் ஒரு லொறியும் அப்பாவும், உணவகத்துக்குப் போக மீதி நேரத்தில் மாமாவும் இருந்தார்கள்.

அந்த நிறுவனத்துக்கு முதன்முறையாக ஒரு நிரந்தர வேலை கிடைக்க இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் லா கூர்நெவில் இருந்த களஞ்சியத்திலிருந்து அரிசி மூட்டைகளையும் தேங்காய்களையும் ஏற்றி வந்து லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் இறக்க வேண்டும். கடை முதலாளி ஒரு நிபந்தனைதான் போட்டார்: வாகனப் பரிசோதனையில், எங்கள் பேச்சில் 'கொந்த்ரோலில்', தேறிய தாளைக் காட்ட வேண்டும். ஓட்டுவது மாமா என்று முடிவாகியிருந்தது. அவர் கோப்பை கழுவுவதை விடலாம். அவருடைய உள்ளங்கைகளில் தோல் உரிந்துகொண்டிருந்தது. முதல் ஓட்டத்தில் நடு இருக்கை எனக்கென்று வாக்களிக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமைக்கு மூன்று நாட்கள் இருந்தன.

"உது புது வாகனத்துக்கெல்லோ செய்யிறது" என்றார் அப்பா.

"கொந்த்ரோல் பாஸ் பண்ணினா இதுகும் புதுசுதான் அத்தான்."

"கெதியாச் செய். ஒம்பது மணிக்கு அங்கை நிக்கோணும்."

மாமா நடைபாதை விளிம்பில் கற்பூரம் கொளுத்தினார். பிறகு தேங்காயைத் தெருவில் ஓங்கி அடித்தார். அது உடையாமல் துள்ளி, லொறிக்கு அடியில் ஓடி மறுபக்கம் வெளியே வந்தது. நாயோடு போன ஒரு முதியவர் நின்று பார்த்தார். மாமா இரண்டாவது தேங்காயை எடுத்து, இடது முன்சக்கரத்தின் அருகே இருந்த சாக்கடையின் இரும்பு மூடியைக் குறிபார்த்தார். இந்த முறை தேங்காய் வெடித்தது. தண்ணீர் சக்கரத்தின் உட்புறத்திலும் அப்பாவின் காற்சட்டையிலும் தெறித்தது.

"சிதறினாத்தான் விசேசம்" என்றார் மாமா.

தேசிக்காய்கள் நான்கும் நசுங்கின. ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்தைத் தாண்டிக் கால்வாயோரம் இருந்த பரிசோதனை நிலையத்தில் நின்றோம்.

பரிசோதித்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நீல மேலங்கி, தலைமேல் தூக்கிவிட்ட மூக்குக்கண்ணாடி. விளக்குகளைப் பார்த்தார், சரி. ஹோர்னை அடித்தார், சரி. உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றிப் பிறேக்கை அளந்தார். அதுவும் மட்டுமட்டாகத் தேறியது. ஒவ்வொரு சரிக்கும் மாமா என் தோளை அழுத்தினார். பிறகு அந்தப் பெண் கைவிளக்கோடு லொறிக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கினார். அதன்பின் அவர் கூப்பிட்டது அப்பாவை அல்ல, என்னை. நிறுவனத்தின் பேச்சாளர் யாரென்று அவர் அதற்குள் கண்டுபிடித்திருந்தார்.

இடது முன்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது. அவருடைய விரல்களுக்கிடையில் ஒரு துண்டுத் தும்பு.

"இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

தேங்காய் என்றேன். உடைத்தோம் என்றேன்.

"லொறியின் மேலா?"

"இல்லை, லொறிக்காக."

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். பிரெஞ்சில் தேங்காய்க்குச் சொல் இருந்தது. அதை ஏன் உடைத்தோம் என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். தேசிக்காயைச் சொன்னேன். கற்பூரத்தையும் சொன்னேன்.

"நெருப்பா? லொறிக்குப் பக்கத்திலா?"

"சின்ன நெருப்பு."

அவர் முகத்தைப் பார்த்தே மாமாவுக்கு விளங்கிவிட்டது. "உதை ஏன் பிள்ளை சொன்னனீ? உன்னட்டை ஆர் கேட்டது?"

பிறேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அந்தப் பெண் விளக்கினார். ஈரம் அதிலிருந்து வருவதென்றால் தாளில் கையெழுத்திட முடியாது. தேங்காய்த் தண்ணீர் என்றால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சக்கரத்தின் உட்புறத்தைத் துணியால் துடைத்தார். லொறியைக் குழியிலிருந்து எடுத்து ஓரமாக நிறுத்தச் சொன்னார். சக்கரத்துக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டை வைத்தார். "கால் மணி நேரம். அட்டை காய்ந்திருந்தால் கையெழுத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த காரிடம் போனார்.

நாங்கள் மூவரும் அந்த அட்டையைச் சுற்றி நின்றோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. எதுவும் விழவில்லை. பத்தாவது நிமிடத்தில் மாமா சமையலறையை விட்டு மனதால் வெளியேறிவிட்டார்.

"நாளைக்கே பத்ரோனட்டைச் சொல்லப்போறன் அத்தான், கோப்பையை நீயே கழுவு எண்டு."

"முதல்லை தாள் கைக்கு வரட்டும்."

அப்பா குந்தியிருந்து, சக்கரத்தின் உட்புறம் கையை நுழைத்தார். வெளியே எடுத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துப் பார்த்தார். தேங்காய்த் தண்ணீர் காய்ந்தால் விரல் ஒட்டும். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் விரல்கள் வழுக்கின. முகர்ந்து பார்த்தார்.

"மச்சான், ஏறிப் பிறேக்கை மிதி."

"ஏன் அத்தான்? அஞ்சு நிமிசந்தானே கிடக்கு."

"மிதியடா."

மாமா ஏறி மிதித்தார். அப்பாவும் நானும் குனிந்து பார்த்தோம். குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டது. சற்று மஞ்சள் நிறம். அது சக்கரத்தின் உட்பக்கமாக ஊர்ந்து, அட்டையின் விளிம்புக்கு வெளியே, சீமெந்துத் தரையில் விழுந்தது.

"என்ன, விழுந்ததோ?" என்று மேலிருந்து மாமா கேட்டார்.

அப்பா அந்தத் துளியைச் சுட்டுவிரலால் தொட்டார். நான் பதில் சொன்னேன்: "அட்டையிலை ஒண்டுமில்லை."

அது உண்மை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக நினைவில்லை. எழுந்து, இரண்டு கார்களைத் தாண்டி அந்தப் பெண்ணிடம் போனார். சுட்டுவிரலை அவர் முன்னால் நீட்டி, நான் இல்லாமலே பிரெஞ்சில் சொன்னார்: "மடாம், இது தேங்காய் இல்லை."

அவர் வந்து, மாமாவை மறுபடி மிதிக்கச் சொல்லிப் பார்த்தார்; எழுதினார். முன்பக்கக் குழாய்கள் இரண்டையும் மாற்ற வேண்டும், இரண்டு மாதத்துக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதுவரை ஓட்டுவதற்குத் தாள் அனுமதிக்கிறது என்றார். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். கடைசி விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

"விளங்கினது" என்றார் அப்பா. "லொறியை உந்த மதிலோரம் கொஞ்ச நாள் விடலாமோ எண்டு கேள்."

விடலாம் என்றார் அந்தப் பெண்.

லொறியில் வந்தவர்கள் மெற்றோவில் திரும்பினோம். ஸ்டாலின்கிராட்டிலிருந்து லா சப்பலுக்கு ஒரே ஒரு தரிப்பு. கதவு மூடியதும் மாமா தொடங்கினார்.

"ஓட்டலாம் எண்டு தாளிலையே கிடக்கு அத்தான்."

"தாளே ஓட்டப்போகுது? நீதானே ஓட்டப்போறாய்."

அதற்குள் லா சப்பல் வந்துவிட்டது.

அப்பா வீட்டுக்குப் போகவில்லை. நேராக நீல லொறிக்காரரிடம் போனார். அந்த மன்னார்க்காரரும் அதே சனிக்கிழமை வேலைக்குக் கடை முதலாளியிடம் கேட்டிருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் லொறியின் படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சனிக்கிழமை ஓட்டத்தை நீங்கள் பாருங்கோ."

"உன்ரை வேலையை எனக்குத் தாறியோ? உனக்கென்ன காய்ச்சலோ?"

"பிறேக் லீக்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பிறகு நான் திருப்பித் தரமாட்டன் எண்டு சொன்னா?"

"தராட்டி என்ன செய்யிறது."

அவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அம்மாவோடு மரக்கறி வாங்கப் போனபோது, கடை வாசலில் நீல லொறியிலிருந்து அரிசி இறங்கிக்கொண்டிருந்தது. நான் தெருவின் மறுபக்கத்துக்குப் போய் நின்றேன். அப்பா பாஸாகிவிட்ட சோதனையில் தானாகவே பெயிலானவர் என்று அம்மாவிடம் முறையிட்டேன். "ஓம், அந்த மனுசன் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தார். அப்பா தமிழில் கேட்ட எல்லாவற்றுக்கும் நான்கு நாட்கள் பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் அதையும் பொறுமையாக விளங்கிக்கொள்ள முயன்றார். அது என் கோபத்தைக் கூட்டியது.

திங்கட்கிழமைதான் பொண்டி என்ற புறநகரிலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து, மதிலோரத்திலேயே குழாய்களை மாற்றினார். கழற்றிய இடதுபக்கக் குழாயை மாமா வாங்கி வளைத்துப் பார்த்தார். அது அவர் கையிலேயே இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பிறகு அவர் தாளைப் பற்றிப் பேசவில்லை.

பரிசோதனைக்கு இரண்டாம் முறை போனபோது அந்தப் பெண் லொறியின் அடியைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குத் தேங்காய் இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்ததும், மாமா முன்னிருக்கையிலிருந்து முழுத் தேங்காய் ஒன்றை எடுத்து வந்து அவர் மேசையில் வைத்தார். அவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். கையெழுத்திட்டார்.

நீல லொறி இரண்டு சனிக்கிழமைகள் ஓடியது. மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை மன்னார்க்காரர் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். தனக்கு நாளைக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது, இனிமேல் சனிக்கிழமைகளில் வர முடியாது, மச்சானை அனுப்பு என்றார். அன்றே மாமா உணவகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை நாங்கள் புறப்பட்டபோது நீல லொறி தெருவில் அதே இடத்தில் நின்றது. அவர் அதன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையிலிருந்த துணியை உயர்த்தி ஆட்டினார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிற சோம்பேறி என்று நான் மாமாவிடம் சொன்னேன். மாமா ஹோர்னை இரண்டு தரம் அடித்தார்.

நடு இருக்கை உயரமாக இருந்தது. என் கால்கள் தரையைத் தொடவில்லை. களஞ்சியத்தில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பத்தரை மணி. பின்னால் பாரம் இருந்ததால் லொறியின் குரலே மாறியிருந்தது. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இதே லொறி, இதே அரிசி, இதே தெரு. முதல் சனிக்கிழமையே வந்திருக்கலாம், அப்பாவால்தான் எல்லாம் பிந்தியது என்று மெற்றோப் பாலத்துக்கு அடியில் வரும்வரை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தெருவையே பார்த்தபடி, "ஓம் பிள்ளை, ஓம்" என்றார்.

பாலத்தின் தூணுக்குப் பின்னாலிருந்து, குழந்தை வண்டியைத் தள்ளியபடி ஒரு பெண் வீதியில் இறங்கினார். மாமா பிறேக்கை மிதித்தார். லொறி நின்றது.