சீதன வட்டையில் ஓகஸ்ட் விடுமுறை

முந்தநாள் பக்கத்து வீட்டில் வேப்பங்கொட்டை இடித்தார்கள். அந்தக் கசப்பு வாசம் மதிலேறி வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், வாசத்தில் குற்றமில்லை. அது என்னை நேரே றிபாயா தாத்தாவின் பண்ணையில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

தாத்தா என்றதும் தாடி வைத்த ஒருவரை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா. வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். சாய்ந்தமருதுக்கு மேற்கே, தனக்குச் சீதனமாக வந்த வட்டையில் ஒரு கொட்டில் போட்டு, ஓகஸ்ட் விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு வைத்தார். பட்டம் வாங்கி அரசாங்க வேலைக்குக் காத்துக் கிடந்த என்னையும் ரீச்சர் ஆக்கிவிட்டார். வீட்டிலிருந்து உம்மாவிடம் ஏச்சு வாங்குவதைவிட இது மேல் என்று போனேன்.

வேப்பங்கொட்டையை ஊறவைத்து வடித்துக் கத்தரிக்குத் தெளிப்போம். ஆட்டுக்குக் குழை கட்டுவோம். கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சேறு என்றால் கூச்சம். இறங்கிவிட்டால் ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அவர்களுடைய உடுப்பைப் பார்த்து உம்மாமார் ஏசியதும் என்னைத்தான்.

ஒருநாள் ஆளுக்கொரு பிடி நெல் கொண்டுவரச் சொன்னோம். சட்டிகளில் விதைத்தோம். எல்லாம் பச்சை பிடித்தன, ஒரு சட்டியைத் தவிர. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று கையேந்தித் துஆக் கேட்டார்கள். நானும் ஆமீன் சொன்னேன். தாத்தாவின் ஒரே மகள் சிமாறாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். அவள் ஒரு நெல்லைத் தோண்டி நகத்தால் உரித்தாள்.

"ரீச்சர், இது அரிசிக்கு அவிச்ச நெல்லு. இது எப்பிடி முளைக்கும்?"

சிரித்து வயிறு நொந்தது. பாயில் காய்ந்ததை அள்ளி வந்த பிள்ளை அழத் தொடங்க, சிமாறா தன் சட்டியை அவளிடம் கொடுத்துவிட்டாள். பெரியவளானதும் இந்த வகுப்பைத் தானே நடத்தப்போவதாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். சொன்னபடி விவசாயம் படித்துவிட்டும் வந்தாள்.

அதற்குள் சம்பந்தம் வந்துவிட்டது. எங்களூரில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளைதான் குடிவருவார். இந்த மாப்பிள்ளை வீட்டார் பழைய வீடு வேண்டாம், மேல்மாடி வீடு வேண்டும் என்றார்கள். தாத்தாவின் கணவர் மவுத்தாகி வெகுகாலம். விற்பதற்குத் தாத்தாவிடம் வட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"உம்மா, வட்டைய விக்காதீங்க. எனக்குக் கலியாணமே வேணாம்."

"வாப்பா இல்லாத குமர்ப்புள்ளய ஊடும் இல்லாம விட்டுட்டு நான் மவுத்தானா, உன்ன ஆருகா பாக்கிற?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் உம்மா கொடுத்த வீட்டில்தானே இருக்கிறேன்.

வட்டை விலைபோயிற்று. வாங்கியவர்கள் லொறி லொறியாகக் கிறவல் மண் கொட்டி நிரப்பிக் கலியாண மண்டபம் கட்டினார்கள். பிள்ளைகள் ஓகஸ்டில் ரியூசனுக்குப் போகிறார்கள். கொட்டில் எந்த மூலையில் நின்றது என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. இந்த ஊரில் அப்படியொரு இடம் இனி வரப்போவதில்லை. ஆறுதலுக்காகக்கூட என்னால் வேறு மாதிரிச் சொல்ல முடியவில்லை.

மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. சிமாறாவும் போய்விட்டாள். புது வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆளில்லாத வீடென்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொன்னதும் தாத்தா போய் லைட் போடுகிறார். நேற்று நானும் கூடப் போனேன்.

"எனக்கு முழங்கால் ஏலாது. நீ மேல போய் வட்டைப் பக்கத்து ஜன்னலத் துறந்து உடுகா, காத்து வரட்டும்."

மேலே போனேன். அந்த ஜன்னலை மறைத்து, சுவரோடு சுவராக, சிமாறா தன் கலியாண அலுமாரியை இழுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கீழே வந்ததும் தாத்தா கேட்டார், "துறந்தியா?"

"ஓம் தாத்தா" என்றேன்.