மாப்பிள்ளை துடைத்த கம்ப்யூட்டர்

வைகுண்ட ஏகாதசி வந்தால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். சொர்க்கவாசலுக்கு வருகிற சொந்தமெல்லாம் எங்கள் கூடத்தில்தான் படுக்கும். அதில் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் அக்காவின் வீட்டுக்காரர் மேல்தான். அவர் மூத்த மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொன்னால், இருந்தாலும் இல்லைதான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை முக்கால்வாசி விழுந்துபோயிருந்தது. வேலை பார்த்த காலத்தில் பொன்மலை கிளப்பில் டேபிள் டென்னிஸில் அவரை ஜெயிக்க ஆளில்லை. அந்த மனுஷன் சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒரு விஆர் ஹெட்செட் வாங்கினேன். கண்ணில் மாட்டினால் எதிரே டேபிள், பந்து எல்லாம் வந்துவிடும். கையில் பிடிக்கிற கன்ட்ரோலர்தான் மட்டை.

என் கம்ப்யூட்டரில் இருந்தது எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதில் ஹெட்செட்டை ஓட்டுவது லேசில்லை. விற்றவனைக் கேட்டால், "லினக்ஸா? சாரி சார்" என்று போனை வைத்துவிட்டான். இன்டர்நெட்டில் கேட்டால், 'எனக்கு நன்றாக ஓடுகிறதே' என்று ஒரு மேதாவி பதில் போடுகிறான். அடேய், உனக்கு ஓடினால் எனக்கென்ன! ஆபீஸ் விட்டு வந்து மல்லுக்கட்டித்தான் ஓடவைத்தேன். ஆனால் லினக்ஸில் ஒரு நல்லது உண்டு, உள்ளே கைவைத்து எதையும் மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் கை நாலு விரற்கடை அசைந்தாலே விளையாட்டில் மட்டை முழு வீச்சு வீசுகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் போட்டேன். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

முதல் பந்தைத் திருப்பி அடித்ததும் அவர் சிரித்தார். "கை திரும்பி வருதுடா" என்றார். டாக்டர் சொன்ன பயிற்சியை அதுவரை சீண்டாதவர், மறுநாளிலிருந்து தானாகவே செய்தார்.

ஏகாதசிக்கு மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மச்சான், என்னமோ புரியாத சனியனைப் போட்டு வச்சிருந்தீங்க. ஃபுல்லா துடைச்சிட்டு விண்டோஸ் போட்டுட்டேன். ஹெட்செட் இப்ப சும்மா பறக்குது பாருங்க!"

இன்னொரு டிஸ்க்கில் நான் எடுத்து வைத்திருந்த என் புரோகிராமின் பிரதியையும், இடத்தை அடைக்கிறதென்று அழித்திருந்தார். பாவி மனுஷன், போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டாரா? அடுத்தவன் கம்ப்யூட்டரில் கைவைக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது? கொடுத்தது தாலிதான், வேறென்ன!

நான் தடுப்பதற்குள் அப்பாவுக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டார். அப்பா பார்ப்பது கம்ப்யூட்டர் திரையில் எங்களுக்கும் தெரிந்தது. பந்து வந்தது. அப்பாவின் கை நாலு விரற்கடை அசைந்தது. மட்டையும் அவ்வளவுதான் அசைந்தது. பந்து போய்விட்டது. அடுத்ததும் போனது.

"மாமா, கையை நல்லாத் தூக்குங்க!" என்றார் மாப்பிள்ளை.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அம்மா கண்ணாலேயே அதட்டினாள். நான் வாயை மூடியது அதற்காக இல்லை. அவர் எதைத் துடைத்தார் என்று சொன்னால், இத்தனை நாளும் பந்தை அடித்தது அப்பாவின் கை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றார். "என் கைதான் மறுபடியும் போயிடுச்சு."