அத்தாவின் கண்ணளவு

அளவற்ற அருளாளனைப் போற்றித் தொடங்குகிறேன். எங்கள் அத்தா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இன்று ஓதுவதற்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்க வேண்டும் என்று சார்ஜாவில் இருக்கும் தம்பி விரும்பினான். "நான் எழுதினா கேட்டதைத்தான் எழுதணும். கூட இருந்தது நீதானேக்கா, நீயே எழுது" என்று போனில் சொல்லிவிட்டான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சப்படுகிறவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தா பிறந்தது அய்யம்பேட்டைக்கு அருகில், குடமுருட்டிக் கரையில் ஒரு சிற்றூர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார்கள். தாய்மாமாவிடம் வளையல் வியாபாரம் பழகி, பிறகு தனியாகக் கடை போட்டார்கள். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஆனாலும் நெல் அறுத்தால்தான் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியும். தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் ஊர் ஊராகத் திருவிழா தொடங்கும். கும்பகோணத்தில் மாசி மகம், திருவையாற்றில் ஏழூர்ப் பல்லக்கு, பட்டுக்கோட்டைப் பக்கம் அம்மன் கோவில்கள் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நாகூர் கந்தூரியிலும் வேளாங்கண்ணியிலும் அத்தா கடை இருக்கும். ஆற்றில் தண்ணீர் வராத வருடம் வளையலும் விற்காது.

பிறைக் கணக்கு வேறு, கோவில் கணக்கு வேறு. நோன்பு மாதமும் திருவிழாவும் சேர்ந்து வந்தால் அத்தா வெயிலில் நோன்போடு நின்று விற்பார்கள். ஒரு பெருநாளன்று தொழுகை முடிந்து வந்து, எங்கள் மூவருக்கும் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, சோறு ஆறுவதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். அன்று மாலை எங்கோ ஒரு மாரியம்மன் கோவிலில் தேர். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து எங்களுக்குப் பரிமாறினார்கள்.

வளையல் வியாபாரி பெண்களின் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மூட்டை அழுத்திப் பார்த்துத்தான் அளவு சொல்வார். அத்தாவும் அப்படித்தான் பழகினார்கள். திருமணமான புதிதில், பள்ளிவாசலில் ஒரு பயான் சொற்பொழிவைக் கேட்ட பிறகு, அந்நியப் பெண்களின் கையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். உடன் கடை போடுகிறவர்கள் விடவில்லை.

"கையத் தொடாம வளையல் யாவாரமா? தண்ணியில எறங்காம நீச்சலா பாய்?"

"ஆண்டவன் கண்ணு குடுத்திருக்கான்ல" என்பார்களாம் அத்தா.

முதல் இரண்டு வருடம் அளவு தவறி நிறைய உடைந்தது. அதன் பிறகு தவறவே இல்லை. எனக்கு ஏழு வயதில் ஒரே ஒருமுறை திருவையாற்றுக் கடைக்கு என்னை அழைத்துப் போனார்கள். வளையல் அளவில் ரெண்டு ரெண்டு என்றால் ஒல்லிக் கை. அதிலிருந்து ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்று பெரிதாகிக்கொண்டே போகும்.

"ரெண்டு ஆறு குடுங்க பாய்" என்றார் ஒரு அம்மா.

"ரெண்டு எட்டு போட்டுப் பாரும்மா."

"அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"நான் சொல்லலம்மா, உன் கை சொல்லுது."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா வீம்புக்கு ரெண்டு ஆறைச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் போட்டு, இரண்டை உடைத்துவிட்டு, பேசாமல் ரெண்டு எட்டு வாங்கிப் போனார்.

தொழுகை நேரம் வந்தால் ஊர் ஊராகப் பக்கத்திலேயே கடை போடும் பொரிக்கடை அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் துணி விரிப்பார்கள். "போய்க் கும்பிட்டு வாங்க பாய், எனக்கும் சேத்து ஒண்ணு சொல்லிருங்க" என்பார் அந்த அம்மா. சொன்னேன் என்று அத்தாவும் திரும்பி வந்து சொல்வார்கள்.

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அத்தா தை மாதம் புறப்பட்டால் ஆடியில்தான் வீட்டில் நிலையாக இருப்பார்கள். சீசன் தொடக்கத்தில் சரக்கு வந்ததும் முதல் வேலையாக, இருப்பதிலேயே நல்லதாக ஒரு டஜன் எடுத்து எனக்கென்று தனியாகக் கட்டி வைத்துவிடுவார்கள். அது ஐந்தாறு மாதம் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும்போது என் கை அதைத் தாண்டியிருக்கும். முதல்முறை எனக்கு ஒன்பது வயது. பச்சை வளையல். வலியைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன்.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு அத்தா."

கடைத்தெருவுக்கு அவர்கள் போனதும் சோப்புப் போட்டுக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் இதேதான் நடந்தது. "சொல்ல வேண்டியதுதானேடி?" என்று அம்மா கேட்டார்கள். "நீங்க சொல்லுங்களேன்" என்றேன். அத்தா வரும்போது அந்த வளையல்களைப் பையில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த முகத்தைப் பார்த்து அம்மாவாலும் சொல்ல முடியவில்லை.

என் நிக்காஹ் வளையலையும் சம்பந்தம் பேசிய உடனே எடுத்து வைத்துவிட்டார்கள். காலையில் போடும்போது மூன்று உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அதே நிறத்தில் பெரிய அளவு கடைத்தெருவில் வாங்கி அம்மா போட்டுவிட்டார்கள். திருவிழாவிலிருந்து நேராக வந்து இறங்கிய அத்தா என் கையைப் பார்த்து, "எப்படி அமைஞ்சிருக்கு பாரு" என்று எல்லோரிடமும் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நேரத்தோடு சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கடையை விட்டுவிட்டு வந்து எங்களோடு உட்கார அவர்களால் முடியாது. சொன்னால் ஒரு வருத்தத்தை மூட்டையில் சேர்த்துக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். வேறொன்றும் நடந்திருக்காது.

பிறகு சர்க்கரை நோய் வந்தது. கொரோனாவில் இரண்டு வருடம் திருவிழாக்கள் நின்றன. வளையல் பெட்டிகள் பரணில் ஏறின. அம்மா மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு கண் பார்வையும் மெல்ல மெல்லப் போய்விட்டது. சென்ற வருடம் ஒரு காலையில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய எழுந்தவர்கள் கீழே விழுந்தார்கள். வலது பக்கமும் பேச்சும் போயின.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தோம். தங்கையும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் வந்து, "அத்தாகிட்ட காட்டுக்கா, என்னையப் பாக்கட்டும்" என்றான்.

"கண்ணு தெரியாதேடா."

"சரி, காதுல வை" என்றான். வைத்தேன். அழுகைதான் கேட்டது.

கடைசி வாரம் அத்தாவின் இடது கை மட்டும் மெத்தையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. தண்ணீரா என்றோம். ஓதும் தஸ்பீஹ் மணிமாலையைக் கொடுத்தோம், தள்ளிவிட்டார்கள். போர்வையை இழுத்தோம், விலக்கினோம். சிஸ்டரும் வந்து என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். எது வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களால் சொல்லவும் முடியவில்லை. ஐந்து நாள் இப்படிப் போனது.

ஆறாம் நாள் போர்வையைச் சரிசெய்யும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்தான் என்று தெரிந்து பிடித்தார்களா தெரியவில்லை. "நான் பெரியவ அத்தா" என்றேன். கையை விடாமல், கட்டைவிரலை உள்ளே மடக்கி மூட்டை அழுத்தினார்கள். விரல்களைச் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டு வரை தடவினார்கள். பிறகு கையை எடுத்து இரண்டு விரல் காட்டினார்கள். மடக்கி, நான்கு விரல் காட்டினார்கள்.

ரெண்டு நாலு. நிக்காஹுக்கு வந்த அதே அளவு. இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது, மூட்டெல்லாம் வீங்கிப் போன கை. பழக்க தோஷத்தில் "சரியா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விரல்களை மடக்கி மறுபடியும் நான்கு காட்டினார்கள்.

ஒரு கையால் எட்டைக் காட்ட வேறு வழி இல்லை. ரெண்டு எட்டு. அதுதான் என் அளவு.

"சரியா இருக்கு அத்தா" என்றேன். அவர்களிடம் அந்த வார்த்தையை நான் உண்மையாகச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகும் அந்தக் கை பக்கவாட்டில் நீண்டு துழாவியது. கடையில் சரக்கு இருக்கும் பக்கம் அதுதான். அங்கே எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. தங்கையை ஊருக்கு அனுப்பிப் பரணில் பெட்டிகளைத் தேடச் சொன்னேன். அவள் கொண்டுவந்த பெட்டியில் ரெண்டு எட்டு இல்லை. இன்னொரு பெட்டி எடுக்கப் போனாள். மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலை அத்தா மவுத்தானார்கள்.

இரவு பகல் பார்த்துக்கொண்ட சிஸ்டருக்கும், குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியவர்களுக்கும், தம்பி இல்லாத குறை தெரியாமல் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்த ஜமாஅத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரண்டு பஸ் மாறி வந்த பொரிக்கடை அம்மாவுக்கும் நன்றி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"தையில ஒனக்கு எடுத்து வைக்கிறப்பவே எங்கிட்ட கேப்பாரும்மா, ஆடிக்குள்ள எம்பொண்ணு கை எவ்வளவு வளரும்னு. நான் என்னத்தக் கண்டேன்? ஒரு அளவு கூட்டி எடுங்க பாய்னா, கழண்டு விழுந்தா புள்ள அழும்பாரு. அப்ப அவளையே கேளுங்கன்னா, அவ சரியா இருக்குன்னுதான் சொல்லுவா, வேற சொல்ல மாட்டாம்பாரு."

எங்கள் வழக்கப்படி, போனவர்கள் சார்பில் இருப்பவர்கள் பொறுப்பு, அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். எந்த ஊர்த் திருவிழாவிலாவது அத்தா உங்களுக்கு அளவு தவறிய வளையல் கொடுத்திருந்தால், அது உடைந்து கை வலித்திருந்தால், தயவுசெய்து பொறுத்துக்கொண்டு அவர்களுக்காக துஆ செய்யுங்கள். எனக்குக் கொடுத்ததை எல்லாம் நான் எப்போதோ பொறுத்துவிட்டேன். அதை அவர்களிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.