எங்களைப் பார்த்து நின்ற காய்

என் மகன் செல்போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் கூரான காய்கள், மேலே நண்டு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஷோகியாம், ஜப்பான்காரர்களின் சதுரங்கமாம். பேர் இன்றைக்குத்தான் தெரியும். ஆட்டம் எட்டாவது படிக்கும்போதே தெரியும். அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது, அது வேறு கதை.

மாமா வாலாஜாபாத்திலிருந்து டிவி கேம் வாங்கி வந்து கொடுத்தார். கேசட்டில் சுடுவது, தாவுவது எல்லாம் போக இது ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. தெருப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். அக்காதான் உட்கார்ந்து, எந்தக் காய் எப்படிப் போகிறது என்று பார்த்துப் பார்த்தே பிடித்துவிட்டாள். சில நாள் மெஷினையே மடக்குவாள்.

எனக்கு ஆட்டத்திலும் பயம்தான். நம் காயை மெஷின் வெட்ட வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

"இன்னாத்துக்குடி கண்ண மூட்ற? அது ஒண்ணும் செத்துப் பூடல. அவன் கைல கீது பாரு, திரும்ப எறக்குவான்."

இறக்குவான்தான், ஆனால் அவன் ஆளாக. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிறக் காய். கூர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் யார் ஆள் என்று தெரியும். நம்மைப் பார்த்து நின்றால் எதிரி. எனக்கு அது செத்ததைவிட மோசம்.

"இவ்ளோ நேரம் நம்மகூட இருந்துட்டு, தூ!" என்பேன்.

அக்கா சிரிப்பாள். "அதுவாடி போச்சி? தூக்கி வெச்சாங்க, நிக்கிது."

வைகாசியில் அக்காவைத் திருப்புலிவனத்தில் கொடுத்தார்கள். பஸ்ஸில் இடம் பிடித்து உட்காருவதற்குள் வந்துவிடுகிற ஊர். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைக்க வேண்டும். நான் டிவி கேமைத் துடைத்து வைத்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? வருகிற வழியில் பஸ் கவிழ்ந்துவிட்டால்? எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். நடந்தது நான் கவலைப்படாத ஒன்று.

அப்பா, அம்மா, நான் மூவரும் சீர்த்தட்டோடு போனோம். அக்காவின் மாமியார் தட்டைப் பார்த்தாள்.

"மோதிரம் எங்க? மாப்ளைக்குப் போட்றேன்னு சபைல சொன்னியே! வெத்தலையும் பூவும் தூக்கினு பொண்ணக் கூப்ட வந்துட்டியா?"

"அறுப்பு முடிஞ்சதும் போட்டுர்றம்மா," என்றார் அப்பா.

"அப்ப அறுப்பு முடிஞ்சி வா."

தட்டை வாங்கித் தரையில் வைத்துவிட்டாள். அப்பா அவள் முன்னால் குனிந்தார். அப்போதுதான் அக்கா உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். மாமியார் பக்கத்தில், எங்களைப் பார்த்து நின்றாள்.

"நைனா, நான் வரல. எனக்கு இங்கதான் புடிச்சிகீது. தட்ட எடுத்துக்கினு கெளம்பு."

குரலில் ஈரமே இல்லை. அப்பா பாதியிலேயே நிமிர்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேசட்டைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். அக்கா அந்தப் பக்கத்து ஆள் ஆகிவிட்டாள், அவ்வளவுதான் என் கணக்கு.

அறுப்பு முடிந்து அப்பா மோதிரம் வாங்கிக் கொண்டு போனார். அக்கா மாசமாக இருப்பதால் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்தில் அவள் போய்விட்டாள் என்று சேதி வந்ததும், நான் பரணில் ஏறிக் கேசட்டைத் தேடினேன், எதற்கென்று தெரியாமல்.

அப்பா அன்றைக்குத் தட்டை எடுக்கத்தான் குனிகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் கை இரண்டையும் கூப்பியிருந்ததை நானும்தான் பார்த்தேன்; அதைப் பார்த்துத்தான் அக்கா அவ்வளவு வேகமாக வந்திருக்கிறாள். கூப்பிய கையால் யாரும் தட்டை எடுக்க முடியாது.