அளக்காமல் எழுதிய ஆறு

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு மதுரையில் ஏறிய பேருந்து, எட்டரைக்குத் திருநெல்வேலி எல்லையான தச்சநல்லூரைத் தொட்டது. 1996, மே மாதம். நூற்றைம்பது கிலோமீட்டரும் லெவல் கருவியின் மரப்பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். முக்காலியில் ஏற்றி வைக்கும் சின்னத் தொலைநோக்கி அது. தரை எங்கே உயர்ந்திருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்று அதன் வழியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு தட்டு பட்டால் மட்டம் தப்பிவிடும்.

நான் அரசாங்கப் பொறியாளர். ஆறுகளைக் கவனிப்பது வேலை. ஆற்றுக்குள் இருக்கும் தங்கள் குடிநீர்க் கிணறு சாயப்போகிறது என்று, சேரன்மகாதேவிக்குக் கீழே தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒரு கிராமம் மனு அனுப்பியிருந்தது. நேரில் பார்த்து அறிக்கை தரும்படி எனக்கு உத்தரவு. அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

திருநெல்வேலியில் எனக்கு ஜீப் தருவதாகச் சொல்லியிருந்த அதிகாரி, ஜீப் பட்டறையில் நிற்பதாகச் சொன்னார். பிறகு மேசை மேலிருந்து தட்டச்சு செய்த இரண்டு தாள்களை என் பக்கம் நகர்த்தினார்.

"வெயில்ல உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்? எல்லாம் எழுதி வச்சாச்சு. சும்மா ஒரு பார்வை பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க."

'வெள்ளத்தினால் ஏற்பட்ட இயற்கை அரிப்பு' என்று இருந்தது. நான் போய்ப் பார்க்க வேண்டிய ஆற்றுக்கு, நான் போவதற்கு முன்பே என் பெயரில் அறிக்கை தயார். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். காப்பி வரவழைத்திருந்தார். குடிக்கவில்லை.

ஜங்ஷனிலிருந்து சேரன்மகாதேவி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். டிக்கெட் மூன்று ரூபாய். வழியெல்லாம் கால்வாய்ப் பாசனத்து வயல்கள். அறுப்பு முடிந்து தரிசாகக் கிடந்தன. கார் நெல் சாகுபடிக்கு ஜூனில் அணை திறப்பார்கள். அந்தத் தண்ணீர் வருவதற்குள் கிணற்றுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். சேரன்மகாதேவியில் ஓடாத மின்விசிறியோடு நாற்பது ரூபாய்க்கு ஓர் அறை கிடைத்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, கிராமத்து நிறுத்தத்தில் முக்காலியும் அளவுகோலுமாக லஸ்கர் சுடலைமுத்து நின்றிருந்தார். கால்வாய் மதகுகளைத் திறந்து மூடுவதும், யாராவது அளக்க வந்தால் கோல் பிடிப்பதும் அவர் உத்தியோகம்.

"பைய இறங்குங்கம்மா, அங்கன பள்ளம் கிடக்கு" என்றார், கரைக்கு வந்ததும். பள்ளம் என்று அவர் சொன்னது லாரிப் பாதையை. ஆற்றங்கரையை வெட்டி, நேராகப் படுகைக்குள் இறக்கியிருந்தார்கள்.

உறைகிணறு என்பது ஆற்று மணலுக்குள் சிமெண்ட் உறைகளை இறக்கிக் கட்டுவது. மணல் வடிகட்டித் தரும் நீர்தான் ஊருக்குக் குழாயில் போகும். உறைகள் மணலுக்குள் புதைந்திருக்க வேண்டும். இங்கே ஆள் உயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தன. சுற்றிலும் இருந்த மணலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஓர் ஊரின் தாகமே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. இதற்குப் பெயர் இயற்கை அரிப்பாம். வெள்ளம் டயர் தடம் பதித்துவிட்டுப் போவதை என் உத்தியோகத்தில் அன்றுதான் பார்த்தேன்.

துவைக்கும் கல்லருகே ஒரு பெண் குடத்தை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். இசக்கியம்மாள், வயல் வேலைக்குப் போகிறவர். மனுவின் முதல் கைநாட்டு அவருடையது.

"நீங்களும் எழுதிக்கிட்டுப் போவத்தான் வந்தியளா?" என்று கேட்டார்.

"அளக்க வந்திருக்கேன்" என்றேன்.

"அந்தா, பச்சையாத் தேங்கிக் கிடக்க தண்ணியையும் அளங்க. எங்க மதினி போன மாசம் அங்கனதான் செத்துப் போனாவ. எப்பவும் குளிக்கிற இடந்தானேன்னு இறங்குனாவ. அடியில குழி தோண்டிப் போட்டிருக்கது யாருக்குத் தெரியும்? நீச்சல் தெரியாம முங்கிட்டாவன்னு போலீசுல எழுதியிருக்காவ." குரல் உயரவில்லை. "தெரியாதுதான். முழங்கா தண்ணியில குளிக்கதுக்கு எதுக்கு நீச்சல்?"

முக்காலியை ஊன்றினேன்.

கரையின் கல்படியில் செதுக்கியிருந்த பழைய மட்டக் குறியிலிருந்து தொடங்கி, ஆற்றின் குறுக்கே பத்து இடங்களில் அளந்தோம். நான்காவது இடம் சரியாக லாரிப் பாதையில் விழுந்தது. சுடலைமுத்து அங்கே கோலைப் பிடித்து நிற்க, மேலிருந்து ஒரு லாரி இறங்கி வந்து அவருக்குப் பத்தடி முன்னால் நின்றது.

"மேடம், லோடு ஏத்தணும். அந்தக் கம்பைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க" என்றார் ஓட்டுநர்.

"அளந்து முடிச்சதும் ஏத்துங்க."

"எத்தனை நேரமாவும்?"

"ஆறு பெரிசு" என்றேன்.

ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய அளவை ஐந்து முறை எடுத்தேன். பின்னால் இன்னும் மூன்று லாரிகள் வந்து நின்று ஹாரன் அடித்தன. சுடலைமுத்து லாரிகளையே திரும்பிப் பார்க்க, கண்ணாடிக்குள் கோல் ஆடியது. எனக்கு அது அற்பத் திருப்தி என்று தெரியும். இருந்தாலும் ஆறாவது முறையும் எடுத்தேன்.

வெயில் ஏறிய பிறகு மருதமர நிழலில் உட்கார்ந்து கணக்கிட்டேன். கிணறு கட்டியபோது இருந்ததைவிட, அதனருகே படுகை இரண்டே முக்கால் மீட்டர் இறங்கியிருந்தது. எப்போதிருந்து இறங்கியது என்று பார்க்கக் கொண்டுவந்திருந்த பழைய அளவுப் புத்தகங்களை விரித்தேன். போன வருடத்து எண்களும் அதற்கு முந்திய வருடத்து எண்களும் பத்து இடங்களிலும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தன. மணல் ஆறு ஒரு மழைக்காலத்தைக் கடந்தபின் அப்படி இருக்கவே முடியாது.

"போன வருசம் இங்கன யாரும் அளக்க வரலையேம்மா" என்றார் சுடலைமுத்து. "வந்திருந்தா நான்தானே கோல் பிடிச்சிருப்பேன்?"

பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஒரு கையெழுத்து இருந்தது. அது என்னுடையது. மதுரையில் ஒரு மதியம், மின்விசிறிக்குக் கீழே, ஒரு கட்டுப் புத்தகங்களோடு சேர்த்து இதற்கும் போட்டிருக்கிறேன். திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இசக்கியம்மாளின் மதினி அப்போது உயிரோடு இருந்தார். முந்தின நாளிலிருந்து அதிகாரி மேலும் லாரிக்காரர்கள் மேலும் வளர்த்த கோபம் எங்கே போய் நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

அன்றைய அளவுகளுக்குக் கீழே எழுதினேன்: 'சென்ற ஆண்டின் அளவுகள் ஆற்றில் எடுக்கப்பட்டவை அல்ல. அவற்றைச் சரிபார்க்காமல் நான் கையொப்பமிட்டேன்.' கோல் பிடித்தவரும் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். புத்தகத்தை நீட்டினேன்.

சுடலைமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ரெண்டு வருசத்துல ரிடையர் ஆவுதேன். இதுல என்னைய இழுக்காதியம்மா."

"உங்க ஊர் கிணறுதானே இது?" என்று சுள்ளென்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முக்காலியை மடக்கினார்.

வியாழக்கிழமை காலை சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்துக்கு அவர் வந்தார். சைக்கிளை நிறுத்தி, "பஸ் வாரதுக்குள்ள போட்டுருதேன், தாங்க" என்றார். இடது கையில் புத்தகத்தைத் தாங்கி, எழுத்துக்கூட்டி முழுப்பெயரையும் எழுதினார்.

திருநெல்வேலி அதிகாரி நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மண்ணை வாரி உங்க தலையிலேயே போட்டுக்கிடுதிய மேடம்."

"என் தலையில மட்டும் இல்ல" என்றேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நின்றது. அளக்காமல் எண்களை எழுதியவர் யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் அறிக்கையை மறைக்கவும் முடியவில்லை. ஜூன் தண்ணீருக்கு முன் கிணற்றைச் சுற்றிப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள், லாரிப் பாதையின் குறுக்கே அகழி வெட்டினார்கள். கிணறு சற்றே சாய்ந்தபடி நின்றுவிட்டது. லாரிகள் இரண்டு மைல் கீழே வேறு பாதை வெட்டிக்கொண்டன. இறந்த பெண்ணின் போலீஸ் காகிதத்தில் ஒரு வரியும் மாறவில்லை. அதற்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அந்த வியாழக்கிழமை மாலை மதுரையில் இறங்கி, செல்லூரில் இருக்கும் வீட்டுக்கு நகரப் பேருந்தில் போனேன். வைகைப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே தண்ணீர் இல்லை. மணலில் இரண்டு லாரிகள் நின்றன. பத்துப் பேர் மண்வெட்டியோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கும் காட்சிதான். ஆறென்றால் லாரி நிற்கும் இடம் என்று நினைத்தே வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்தவளிடம்தான் ஆறுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

பாலம் முடிந்ததும் இறங்கினேன். படித்துறை வழியாக மணலுக்குள் நடந்து போய் லாரிகளுக்குப் பின்னால் நின்றேன். வைகை என் பிரிவில் வராது. அளவுப் புத்தகத்தில் புதிய பக்கத்தைத் திருப்பி, இரண்டு வண்டிகளின் எண்களையும் எழுதினேன்.