வச்சிரு

அவளை நாங்கள் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். கையிலும் ஊசி, வாயிலும் ஊசி. கார் சீட்டுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. பிழைப்புக்காக நாடு விட்டு வந்த எங்களுக்குக் குடும்பம் என்றால் போனுக்குள் இருக்கிற குடும்பம்தான். அந்தப் போனையும் நம்ப முடியாது. தொழிற்சாலைக் காவல்காரர்களுக்குக் கோபம் வந்தால் முதலில் உடைவது போன், அப்புறம்தான் பல்.

அதற்கு ஊசி ஒரு வழி கண்டுபிடித்தாள். எந்த முகம் யாருக்கு உசுரோ, அதைப் போனில் பார்த்துப் பார்த்து வெட்டுத்துணியில் நூலால் தைப்பாள். படங்களையெல்லாம் மெமரி கார்டில் ஏற்றி, கார்டை அந்த முகத்தின் ஒரு கண்ணில் வைத்து, மேலே கருப்பு நூலால் மூடிவிடுவாள். என் மகள் அழுதது, சிரித்தது, முதல் பல் விழுந்தது எல்லாம் என் தலைமாட்டுத் துணியில் இடது கண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. சோதனைக்கு வருகிறவன், "பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்ல" என்று அதை வீசிவிட்டுப் போவான். போகட்டும் கட்டையில போறவன்.

காவல் தலைவனுக்குத் தொப்பி என்று பெயர் வைத்திருந்தோம். நம்ம பாஷைக்காரன்தான். கோடாலிக்குக் காம்பு நம் மரத்திலிருந்துதானே வெட்டுவார்கள்! ஒரு நாள் காலையில் தன் வாசல் நாற்காலியின் கிழிந்த மெத்தையைக் கொண்டுவந்து ஊசியின் மெஷின்மேல் போட்டான். "சாயங்காலத்துக்குள்ள தைச்சு வை."

அதே நாள்தான் ஊசியின் தம்பி, கம்பெனி பூட்டி வைத்திருந்த தன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டான். பின்பக்கக் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவன் கேட்டதுதான் குற்றம்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ கால் வந்தது. தம்பி கூப்பிட்டால் ஊசி அதைக் கார்டில் பதிவு போட்டுவிட்டுத்தான் பேசுவாள். அவன் முகத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள், ஒரு கண் மட்டும் பாக்கி. "அக்கா, அடிக்க வராங்க" என்றான். போன் தரையில் விழுந்தது. கூரை தெரிந்தது. பூட்ஸ் தெரிந்தது. இரும்புக் குழாய் மேலே போவதும் இறங்குவதும் தெரிந்தது. தொப்பியின் முகம் ஒரு முறை குனிந்து பார்த்தது. குழாய் மண்டையில் விழுந்த சத்தத்தை நான் எதனோடும் ஒப்பிடமாட்டேன். எங்கள் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே தம்பி என்னவோ சொன்னான். பிறகு சொல்லவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஊசி கடைசிவரை பார்த்தாள்.

"என்னடி சொன்னான்?" என்றேன்.

"வச்சிருன்னான். இதைப் பத்திரமா வச்சிருன்னு சொல்லிட்டுப் போறான்டி."

போனிலிருந்து கார்டைக் கழற்றினாள். தம்பியின் பாக்கிக் கண்ணில் வைத்துத் தைத்து மூடினாள். அந்தத் துணியை மெத்தைக்கு உள்துணியாக்கி மேலே உறையைப் போட்டு ஓட்டினாள்.

நூலை அறுக்கும்போதே தொப்பி சுத்தியலோடு வந்தான். எல்லோருடைய போனையும் பிடுங்கித் தரையில் போட்டு அடித்தான். ஊசியின் போனில் கார்டு இல்லை.

"கார்டு எங்கடி?"

"முழுங்கிட்டேன். நாளைக்குக் காலைல வந்து தேடிக்கோ."

அவள் வலது கையை மேசையில் அழுத்தி விரல்கள்மேல் சுத்தியலை இறக்கினான். தடுக்கப் போன எனக்கு ஒரு பல் போயிற்று. வயிற்றில் உதைபட்டு விழுந்த ஊசி, கார்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய், தைத்த மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனே தூக்கிப் போனான்.

தம்பி மாடிப்படியில் உருண்டு செத்தான் என்று எழுதி முடித்தார்கள். ஊசியின் விரல்கள் கோணலாகவே கூடின. வாசலைத் தாண்டும்போதெல்லாம், "மெத்தை உறுத்துதாண்ணே?" என்று தொப்பியைக் கேட்பாள். "நல்லாத்தான் தைச்சிருக்கே" என்பான். நான் அவளை இழுத்துக்கொண்டு போவேன்.

தம்பியோடு வேலை செய்தவர்கள் எங்கெங்கோ போய் முட்டி மோதியதில், ஒரு வழியாக விசாரணைக்கு ஓர் அதிகாரியம்மா போலீசோடு வாசலுக்கு வந்தார். தொப்பி மாடிப்படிக் கதையை ஆரம்பித்தான். ஊசி இடது கையில் பெரிய கத்தரிக்கோலோடு நேராக அவனைப் பார்த்து நடந்தாள். குத்த வருகிறாள் என்று நாற்காலியை விட்டு அலறி எழுந்தான். அவள் மெத்தையைக் குத்தினாள். ஆத்திரம் தீரும் மட்டும் குத்திக் கிழித்தாள். உள்ளே தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலும் கத்தரியை நுழைத்துத் தோண்டித்தான் கார்டை எடுக்க வேண்டியிருந்தது.

அதிகாரியம்மாவின் கம்ப்யூட்டரில் பதிவு ஓடியது. கூரை, பூட்ஸ், குழாய். தொப்பியின் முகம் குனிந்ததும் போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்தார். எங்களுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம் போடத் தோன்றியது. அதற்குள் தம்பியின் குரல் வந்தது. இப்போது எந்த மெஷினும் ஓடவில்லை.

"அக்கா, வச்சிடு. பாக்காதே. போனை வச்சிடுக்கா."

ஊசி கிழிந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கோணல் விரலால் அந்த ஓட்டைக் கண்ணைத் தடவினாள்.

"பாக்காதேன்னு சொல்லியிருக்கான்டி" என்றாள். "நான் பூரா பாத்துட்டேன்."