கையில் நின்ற கசப்பு

இலை இல்லாத சோப்பு ரேப்பரை எங்கள் பிரஸ்ஸில் நான் பார்த்ததே இல்லை. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷினில் ஓடுவதற்கு முன்னால், அச்சாகப்போகிற எழுத்தையெல்லாம் படித்துப் பிழை திருத்துகிற வேலை. பட்டாசு லேபிள், காலண்டர், ஊதுபத்தி டப்பா, சோப்பு ரேப்பர், எதுவானாலும் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் போகும். டிசைனரிடம் ஒரு வேப்பிலைப் படம் இருந்தது. கூந்தல் தைலத்திலும் அதே இலை, பல்பொடியிலும் அதே இலை, கொசுவத்தியிலும் அதே இலை. வேலை கொடுக்க வருகிற பார்ட்டி ‘இயற்கையா இருக்கணும்’ என்று சொன்னால் போதும், மனுசன் இலையை எடுத்து ஒட்டிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எழுத்து சரியாக இருந்தால் என் கடமை முடிந்தது.

முதலாளி கையில் மட்டும் இருந்த செல்போன் மேனேஜர் கைக்கும் வந்திருந்த காலம் அது. அப்போது வந்த பார்ட்டிதான் விருதுநகர் அண்ணாச்சி. எண்ணெய் வியாபாரம் செய்கிற குடும்பம். கூடவே, கை கழுவுகிற சோப்பும் போட ஆரம்பித்திருந்தார். ரேப்பர் நன்றாக வந்த சந்தோஷத்தில் ஒரு பெட்டி சோப்பைக் கொண்டுவந்து பிரஸ்ஸில் எல்லாருக்கும் பங்கு வைத்தார். என் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேப்பெண்ணெய் சோப்பு. நிறம் பார்க்கச் சகிக்காது, வாசனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இதை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்றுதான் நினைத்தேன்.

நான் அதைத் தொடவில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அவருக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை. பட்டாசுக்குள் போகிற ரசாயனப் பொடியைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்று சொல்லுவோம். அலுமினியப் பொடி நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறி, வீட்டுக்கு வரும்போது கை வெள்ளி பூசின மாதிரி இருக்கும். கம்பெனித் தொட்டியில் துணி சோப்பும் மணலும் போட்டுத் தேய்ப்பார்கள். கை கரகரவென்று ஆனால்தான் சுத்தம் என்பது அங்கே எழுதாத சட்டம். தேய்த்துத் தேய்த்து விரல் வெடிக்கும், வெடிப்புக்குள் வெள்ளி போய் உட்காரும், அதை எடுக்க மறுபடியும் தேய்ப்பார்கள். இந்தக் கூத்தை நான் சொல்லிக் காட்டினால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்பார்.

வேப்பெண்ணெய் சோப்பு எரியவில்லை. வெடிப்பு ஆறுகிற மாதிரியும் இருந்தது. அதோடு, வேம்பு என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது. அம்மை கண்டால் வேப்பிலை, பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவர் கையில் வேப்பிலை, திருஷ்டிக்கும் அதே வேப்பிலை. கசக்கிற இடத்தில் கெடுதல் இருக்காது என்று யோசிக்காமலே நம்புகிற ஆட்கள் நாங்கள்.

எங்கள் மகளுக்கு அப்போது ரெண்டு வயது கடந்திருந்தது. எனக்குக் காலண்டர் சீசன். ஆர்டர் குவிந்து கிடக்கும், நான் வீடு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். அதனால் சாயங்காலம் அடுத்த வீட்டு அக்காவிடமிருந்து அவளை வாங்கிக்கொண்டு வந்து சோறு ஊட்டுவது அவர் பொறுப்பு. குளித்து, கையைக் கழுவி, பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து உருட்டி உருட்டிக் கொடுப்பார். என்னிடம் அரை வயிறு சாப்பிடுகிற பிள்ளை அவரிடம் தட்டைக் காலி பண்ணுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஒரு நாள் அவள் முதல் உருண்டையைத் துப்பினாள். பருப்பு வேகவில்லையோ என்று அவர் நினைத்தார். மறுநாளும் துப்பினாள். பிறகு அவர் கை பக்கத்தில் வந்தாலே வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அதே சோற்றை அடுத்த வீட்டு அக்கா பிசைந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். காலையில் நான் இட்லி கொடுத்தாலும் சண்டை இல்லை. அவர் கை மட்டும்தான் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

“எங் கையில விசம் ஏறிருச்சு புள்ள. நமக்குத் தெரியல, பச்சப்புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு.”

பைத்தியமா உங்களுக்கு என்று சத்தம் போட்டேன். ஆனால் எனக்கும் பயம்தான். அவர் அள்ளுகிற பொடிகளில் சில வாய்க்குள் போகவே கூடாதவை என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்றிலிருந்து அவர் பிள்ளையைத் தொடவே யோசித்தார். தூக்கச் சொன்னால், உள்ளங்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்கினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கம்பெனி மேல், அவர் மேல், ஒன்றும் அறியாத அந்தப் பிள்ளை மேல்கூட. ஒழுங்காக் கழுவுங்க, வேப்பெண்ணெய் சோப்பையே ரெண்டு தடவை போட்டுக் கழுவுங்க என்றேன். கழுவினார். பிள்ளை முன்னைவிட மோசமாக அழுதாள்.

இதைவிட வீரியமான சோப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிரஸ்ஸில் கிடந்த பழைய ரேப்பரையெல்லாம் எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். சோடியம் பால்மேட், சோடியம் கோக்கோவேட், கிளிசரின், பெர்ஃப்யூம், அப்புறம் நிறத்துக்கு ஏதோ ஒரு நம்பர். எத்தனையோ தடவை நானே பிழை திருத்திய சொற்கள். ஒன்றுக்காவது அர்த்தம் தெரிந்திருந்தால்தானே. தெரிந்தவரையே கேட்டுவிடுவோம் என்று லீவு போட்டுவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி எண்ணெய்க் கடைக்குப் பின்னால் சோப்புக் கட்டிகளை அடுக்கிக் காயவைத்திருந்தார். மருந்தை அடியோடு எடுக்கிற சோப்பு வேண்டும், அதில் கெமிக்கலும் இருக்கக் கூடாது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காஸ்டிக் சோடா இல்லாமல் உலகத்தில் எந்த சோப்பும் இல்லை என்றார். பாமாயிலோடு காஸ்டிக் சேர்ந்தால் பால்மேட், தேங்காயெண்ணெயோடு சேர்ந்தால் கோக்கோவேட். அளவு சரியாக இருந்தால் எண்ணெயும் எண்ணெயாக இருக்காது, காஸ்டிக்கும் காஸ்டிக்காக இருக்காது, ரெண்டும் சேர்ந்து சோப்பாகிவிடும். அதில் தானாகப் பிறக்கிற கிளிசரினைச் சிலர் பிரித்து விற்றுவிடுவார்கள், அவர் சோப்பிலேயே விட்டுவிடுகிறார், தோல் வறளாமல் இருப்பது அதனால்தான். முதலில் எழுதியிருப்பது அதிகமாக இருக்கும், கடைசியில் எழுதியிருப்பது பேருக்கு இருக்கும். சில வேப்பிலை சோப்புகளில் வேம்பு பெர்ஃப்யூமுக்கும் பின்னால்தான் நிற்கும் என்றார்.

“மத்தவுக வேப்பிலையப் படத்துல போடுவாக. நான் எண்ணெயச் சோப்புலயே போடுதேன். கழுவிட்டு நாக்குல வச்சுப் பாரும்மா. அடுத்த வேளைச் சோறு வரைக்கும் கசப்பு நிக்கும்.”

பெருமையாகத்தான் சொன்னார். ஓரத்தில் இருந்த குழாயில் அவர் சோப்பைப் போட்டுக் கழுவி அலசிவிட்டு விரலை நாக்கில் வைத்தேன்.

அந்தக் கசப்பு எனக்குப் பழக்கமானது. முந்தின வருசம், பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிக்கொண்டேன். எங்கள் பக்கத்துத் தாய்மார் செய்வதுதான். அவள் ஆசையாக வந்து வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கொஞ்ச நாள் வந்து வந்து பார்த்துவிட்டு, அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். கசந்தால் இனிமேல் இது உனக்கு இல்லை. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

அப்பா கையும் கசந்தபோது பிள்ளை வேறென்ன நினைத்திருப்பாள்? அம்மா மறக்கடித்தாள், இப்போது அப்பாவும் மறக்கடிக்கிறார். குழாயடியில் நின்று அழுதேன். அண்ணாச்சி பதறிப்போய், கண்ணில் சோப்புப் பட்டிருச்சா என்று கேட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கே என் பிழைப்பு வேடிக்கையாக இருந்தது. அத்தனை ரேப்பரில் பொய் இலையை அச்சடித்து அனுப்பிய எங்களுக்கு, வீட்டுக்குள் வந்ததோ சொன்ன சொல் தவறாத ஒரே சோப்பு. இலை மட்டும் போட்ட சோப்பாக இருந்திருந்தால் பிள்ளை துப்பியிருக்கவே மாட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என்று ஒன்றும் இல்லை, நல்ல வேப்பெண்ணெய்தான் இருந்தது. இயற்கை என்ற சொல்லைப் பார்த்ததும் கேள்வியை நிறுத்திவிட்டோம். மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் பழியைச் சுமத்திவிட்டோம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோப்பை எடுத்துக் கையைக் கழுவி, விரலை வாயில் வைத்துப் பார்த்தார். தனக்கும் சோறு கசந்துகொண்டுதான் இருந்தது, மருந்து வாய்க்குள்ளேயே இறங்கிவிட்டதென்று நினைத்து என்னிடம் சொல்லவில்லை என்றார். எத்தனை நாள் அதை ஒற்றையாகச் சுமந்தாரோ. பிறகு, ஒரு குழந்தை கேட்பது மாதிரிக் கேட்டார்.

“அப்ப எங் கை இல்லையா?”

“உங்க கை இல்ல.”

கையைத் துடைத்துக்கொண்டே அவர், கசக்கவில்லை என்பதற்காக மருந்து இல்லை என்று ஆகிவிடுமா என்றார். நியாயமான கேள்வி. வேம்பு இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறது, பொடிகள் சொல்வதில்லை. மருந்து அறையை விட்டுப் பாக்கிங்குக்கு மாற வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் எழுந்தது. அடுத்த சீசனில் மாறவும் செய்தார். அன்றைக்கு எங்களால் முடிந்தது, நகத்தை ஒட்ட வெட்டி, நல்லெண்ணெயைக் கை முழுக்கத் தேய்த்து, வெடிப்புக்குள் இருந்த வெள்ளி எண்ணெயோடு இளகி வர வரத் துணியால் துடைத்து எடுப்பதுதான். மணலை வைத்துத் தேய்த்தபோது வராதது, எண்ணெயில் வந்தது. அதற்கு மேல் அண்ணாச்சியிடம் வாங்கி வந்த வெறும் தேங்காயெண்ணெய் சோப்பு. வேம்பு இல்லை, வாசனை இல்லை, நிறம் இல்லை. போட்டுக் கழுவியதும் நாங்கள் ரெண்டு பேருமே அவர் விரலை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

அவர் சோற்றைப் பிசைந்து தட்டோடு தரையில் உட்கார்ந்தார். பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். அவர் கூப்பிடவில்லை, கையை மட்டும் நீட்டினார். அவள் மெல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலை நக்கினாள். இன்னொரு விரலையும் நக்கிப் பார்த்தாள். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

அவர் உருண்டையை எடுத்தார். ஆனால் கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பிள்ளை அவர் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டாள்.